சீகை மரங்களை அகற்றும்போது ஓடைகளையும் காக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் புல்வெளிகளை மூடிவிட்ட சீகை (வாட்டில்) எனும் அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2022இல் தமிழக அரசு இதற்கெனக் கொள்கை வகுத்ததும் வரவேற்கத்தக்கவை. நீலகிரியின் கிளென்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட பகுதியின் ஓடைநீர் முதல் பத்தாண்டில் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. ஆகவே மரங்களை எடுத்தால் தண்ணீர் பெருகும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பெருகி வருவது தெளிந்த நீரா, சேற்று நீரா என்பது மரங்களை எடுக்கும் முறையைப் பொறுத்தது.

ஓடைக்குக் கேடு பெரும்பாலும் கோடரியால் வருவதில்லை. லாரி ஏறுவதற்காகச் சரிவில் வெட்டப்படும் தற்காலிக மண்பாதையாலும், அடிமரங்களை ஓடையின் குறுக்கே இழுத்துச் செல்வதாலுமே வருகிறது. அங்கே இளகிய மண் முதல் கனமழையிலேயே இறங்கிக் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும். அவற்றில் வாழும் பூச்சிப்புழுக்களும் தலைப்பிரட்டைகளும் அழியும். மிஞ்சிய வண்டல் குந்தா, பைக்காரா அணைகளில் போய்ப் படியும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறந்துவிட முடியாது. போதாக்குறைக்கு, சீகை விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடந்து, மண் கிளறப்பட்டதும் முளைப்பவை. கனரக இயந்திரங்களைக் கொண்டு அகற்றுவது அடுத்த தலைமுறைச் சீகைக்கு நாற்றங்கால் அமைத்துக் கொடுப்பது போலாகும்.

ஓடைக்கரை மரங்களைத் தனியாகவே கருத வேண்டும். அவற்றின் நிழலில் பல இடங்களில் இம்மலையின் இயற்கைக் காடான சோலையின் மரக்கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருகின்றன. கரையை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் அக்கன்றுகளும் போகும், நீரும் சூடேறும். அங்குள்ள சீகையைக் கைவாளால் சில ஆண்டுகளில் படிப்படியாக எடுத்து, வேர்க்கட்டைகளைப் பிடுங்காமல் விட்டால் கரையும் சரியாது.

வனத்துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: பருவமழைக்காலத்தில் மரம் இழுக்கும் பணியை முற்றாக நிறுத்த வேண்டும், ஓடையைக் கடப்பதைத் தவிர்க்க முடியாத இடங்களில் தற்காலிகப் பாலம் அமைக்க வேண்டும், பணி முடிந்ததும் மண்பாதைகளில் குறுக்கு வடிகால் வெட்டி, உள்ளூர்ப் புல் நட வேண்டும். இவற்றை ஒப்பந்த நிபந்தனைகளிலேயே எழுதி, மழைக்குப்பின் ஓடையைப் பார்வையிட்ட பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகையை விடுவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.