நிறுவனப் பதிவில் நேர்ந்த பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வழியாகப் பதிவு பெற்ற தனியார் நிறுவனத்தின் இயக்குநர்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, நிறுவனப் பதிவுச் சேவை நிறுவனம்

பொருள்: பங்குப் பிரிவினை தவறாகப் பதிவானது, பதிவுக்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட அறிவுறுத்தியது ஆகியவை குறித்து

ஐயா / அம்மையீர்,

எங்கள் புதிய நிறுவனத்தைப் பதிவு செய்து தரும் பணியை, கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்தித் தங்களிடம் ஒப்படைத்திருந்தோம். பதிவுச் சான்றிதழ் எங்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சான்றிதழைப் பெறுவதற்காகத் தாங்கள் தாக்கல் செய்த ஆவணங்கள், நாங்கள் எழுத்தில் கொடுத்த விவரங்களோடு ஒத்துப்போகவில்லை. தங்கள் உதவி மையத்தில் ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவர் பேசி, கதையை முதலிலிருந்து கேட்பதால், இனி எழுத்தே வழி என்று முடிவு செய்தோம்.

எங்கள் முதன்மையான குறை பங்குப் பிரிவினை பற்றியது. பங்குகள் எங்களிடையே 60:40 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று விண்ணப்ப விவரத்தாளில் எண்ணாலும் எழுத்தாலும் குறித்திருந்தோம். தாங்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் அது 50:50 என்று உள்ளது. படிவத்தில் தானாக வந்து நிற்கும் எண்ணை யாரும் மாற்றவில்லை என்பதே எங்கள் ஊகம். நாங்கள் அந்த விகிதத்தை யோசித்தே தேர்ந்தெடுத்தோம். சாதாரணத் தீர்மானங்களுக்குப் பெரும்பான்மை போதும் என்பதால் அன்றாட முடிவுகள் தடைபடாமல் நடக்கும். பல நாடுகளில் சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவைப்படுவதால், விதிகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளை 40 விழுக்காடு வைத்திருப்பவரின் சம்மதமின்றி எடுக்க இயலாது. இந்த இரண்டு பாதுகாப்புகளையும் எண்ணியே பேசி முடித்த ஏற்பாட்டின் இடத்தில், இருவரும் முரண்பட்டால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாத ஒரு நிலையைத் தாங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள்.

இதைச் சுட்டிக்காட்டியபோது, இது எழுத்துப்பிழை போன்றதுதான், அடுத்த ஆண்டறிக்கையில் சரிசெய்துகொள்ளலாம் என்று தங்கள் ஆலோசகர் பதிலளித்தார். பதிவுச் சேவையையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடமிருந்து இப்படி ஒரு பதில் வந்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று குறிக்கும் உறுப்பினர் பதிவேட்டில் உள்ளதை ஆண்டறிக்கை எடுத்துச் சொல்லுமே தவிர, பங்கின் உரிமையை மாற்றாது. ஒருவர் பெயரில் ஒதுக்கப்பட்டுவிட்ட பங்கு மற்றவருக்குப் போக வேண்டுமானால் மாற்றுப் பத்திரமும், இயக்குநர் குழுவின் ஒப்புதலும், பதிவேட்டில் புதிய பதிவும் தேவை. பல இடங்களில் முத்திரைக் கட்டணமும் உண்டு. இதற்கிடையே வங்கியும் எங்கள் பங்குதாரர் ஒப்பந்தத்தைத் தாக்கல் ஆவணத்தோடு ஒப்பிட்டு, உண்மையான உரிமையாளர் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியை எழுப்பிக் கணக்குத் திறப்பதை நிறுத்திவைத்துள்ளது.

இரண்டாவது குறை இதைவிடக் கவலை தருவது. பணியிடத்துக்கான குத்தகையில் எப்போது கையெழுத்திடலாம் என்று நாங்கள் கேட்டதற்கு, விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டதால் நிறுவனத்தின் பெயரிலேயே கையெழுத்திடலாம் என்று தங்கள் ஆலோசகர் மின்னஞ்சலில் தெரிவித்தார், அதன்படியே செய்தோம். சான்றிதழில் உள்ள தேதி குத்தகைத் தேதிக்குப் பிந்தையது என்பதை இடத்தின் உரிமையாளருடைய வழக்கறிஞர் கண்டறிந்து சொன்ன பிறகுதான் அந்த அறிவுரையின் விளைவு எங்களுக்குத் தெரிந்தது. இன்னும் பிறக்காத நிறுவனத்தின் சார்பாக எவரும் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பது 1866-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கெல்னர் எதிர் பாக்ஸ்டர் வழக்கில் தீர்ப்பான விஷயம். தொடங்கப்படவிருந்த ஒரு விடுதி நிறுவனத்துக்காக மது வாங்கியவர்களே, நிறுவனம் நொடித்தபின் அதன் விலைக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளிகள் என்று அன்று முடிவானது. பொறுப்புக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதற்காகத்தானே தனி வணிகமாகவோ கூட்டாண்மையாகவோ தொடங்காமல், கூடுதல் செலவை ஏற்று நிறுவனமாகப் பதிவு செய்தோம்! இப்போது குத்தகைத் தொகைக்கு எங்கள் சொந்தச் சொத்து ஈடாக நிற்கிறது. நிறுவனத்தின் பெயரில் புதிய ஒப்பந்தம் எழுத உரிமையாளர் சம்மதித்தாலும், தனிப்பட்ட உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்கிறார்.

பதிவாளர் அலுவலகக் கணக்கில் தொடர்பு மின்னஞ்சலாகத் தங்கள் அலுவலக முகவரியே இன்னமும் இருக்கிறது. அரசின் அறிவிப்புகள் தங்களிடம் வந்து சேர்கின்றன, எங்களுக்கு வருவதில்லை. கடவுச்சொல்லும் எங்களிடம் இல்லை. நிறுவனப் பெயருக்கு ஒப்புதல் பெற்ற பணி மட்டும் குறையின்றி முடிந்தது என்பதைச் சொல்வதே நியாயம். ஆனால் அதோடு அனுப்பிய வாழ்த்து மடலில், அந்தப் பெயர் இனி முழுமையாக எங்களுக்கே சொந்தம் என்று எழுதியிருப்பது சரியன்று. நிறுவனப் பெயர்ப் பதிவு வேறு, வணிகக் குறிப் பதிவு வேறு என்பதை மற்ற வாடிக்கையாளர்களுக்காவது தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆகவே, பங்குப் பிரிவினையைச் சட்டப்படி திருத்தும் பணியைத் தகுதி பெற்ற ஒரு வல்லுநரைக் கொண்டு, அதற்கான அரசுக் கட்டணம் உட்படத் தங்கள் செலவில் முடித்துத் தர வேண்டும். பதிவாளர் கணக்கின் கட்டுப்பாட்டையும், இதுவரை வந்த அறிவிப்புகள் அனைத்தையும், தாக்கல் செய்த ஆவணங்களின் முழுப் பிரதிகளையும் உடனே ஒப்படைக்க வேண்டும். குத்தகையை மாற்றி எழுதுவதற்கான வழக்கறிஞர் கட்டணத்தைத் தாங்கள் ஏற்பதோடு, எங்களிடம் பெற்ற சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆண்டுச் சேவைக்கான தள்ளுபடியை ஈடாக ஏற்க மாட்டோம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரின் கையொப்பத்துடன் பதிலை எதிர்பார்க்கிறோம். அது வராத நிலையில், நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் இதே ஆவணங்களுடன் முறையிடுவோம்.

இப்படிக்கு,
இயக்குநர்கள்

இணைப்பு: விண்ணப்ப விவரத்தாள், தாக்கல் செய்யப்பட்ட பங்கு ஒதுக்கீட்டு ஆவணம், தங்கள் ஆலோசகரின் மின்னஞ்சல், குத்தகை ஒப்பந்தம், பதிவுச் சான்றிதழ், கட்டண ரசீது ஆகியவற்றின் பிரதிகள்.