அவள் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஓடியது

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. செப்டம்பரில் நடந்த ரெறி ஃபொக்ஸ் ஓட்டத்தில் நான் கலந்துகொண்ட செய்தியை என் மகள் மூலம் அறிந்து, வீட்டில் எல்லோருமாகச் சிரித்தீர்கள் என்று எழுதியிருந்தீர். சிரிப்பதில் நியாயம் உண்டு. பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் புள்ளி எழுதும் மேசையைத் தாண்டி நான் ஒருநாளும் மைதானத்துக்குள் இறங்கியதில்லை என்பதை உம்மைவிட அறிந்தவர் யார்? ஆயினும் நீர் நினைப்பதுபோல இது பந்தயம் அன்று. இங்கே நேரம் குறிப்பதில்லை. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நுழைவுக் கட்டணமும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் போகலாம். நான் ஐந்து கிலோமீற்றர் தூரத்தின் பெரும்பகுதியை நடந்தும், பேரன் பார்க்கிறான் என்று தெரிந்த இடங்களில் மட்டும் ஓடியும் முடித்தேன்.

யார் இந்த ரெறி ஃபொக்ஸ் என்று கேட்டிருந்தீர். 1977ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய்க்காக வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த கனடிய இளைஞர் அவர். சிகிச்சை பெற்ற விடுதியில் தம்மோடு இருந்த சிறுவர்களின் வேதனையைப் பார்த்ததனால், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக 1980 ஏப்ரல் 12ஆம் திகதி நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள செயின்ற் ஜோன்ஸ் நகரில் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டு, மேற்குக் கரையை நோக்கி ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முழு மரதன் தூரம். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் கடந்து தண்டர் பே நகருக்கு அருகே வந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. செப்டம்பர் 1ஆம் திகதி ஓட்டம் நின்றது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், இருபத்து மூன்று வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் காலமானார்.

ஆண்டுதோறும் அவர் பெயரால் ஓட்டம் நடத்துவதென்று முன்வந்தவர் இசடோர் ஷார்ப் என்ற ஹோட்டல் அதிபர். அவரும் 1978இல் தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தந்தை என்பதை நான் அண்மையில்தான் வாசித்து அறிந்தேன். அதன்பின் இந்த ஓட்டம் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

ஓடுகிறவர்கள் தாம் யாருக்காக ஓடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறார்கள். மகள் "அம்மா" என்று எழுதினாள். பேரன் "அம்மம்மா" என்று தமிழில் எழுதிவிட்டு, ஒற்றுப் பிழை இல்லைத்தானே என்று என்னிடம் காட்டினான். நான் மறைந்த என் மனைவியின் பெயரை எழுதினேன்; நாற்பது ஆண்டு வாழ்க்கையில் அவளைப் பெயர் சொல்லி அழைத்த தருணங்கள் மிகக் குறைவு என்பது அப்போது நினைவுக்கு வந்தது. நோயிலிருந்து மீண்டவர்கள் சிவப்பு ரீசேட் அணிந்து வருவார்கள். அவர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும், சொல்லக் கூசுகின்ற ஒரு பொறாமையும் சேர்ந்தே வந்தன என்பதை உம்மிடம் மறைக்க மாட்டேன்.

ஓடுவதைவிடப் பணம் கேட்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. கோயில் திருவிழாவுக்குக்கூட வீடு வீடாகச் சென்று காசு சேர்க்கப் பழகாத மனிதன் நான். ஆனால், கையில் தாளோடு தெரிந்த கடைகளிலும் அயல் வீடுகளிலும் ஏறி இறங்கியபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பணம் தந்தவர்களில் பெரும்பாலோர் என் கதையைக் கேட்கவில்லை; தங்கள் கதையைச் சொன்னார்கள். மரக்கறிக் கடைக்காரர் தம் மாமியாரைப் பற்றிச் சொன்னார். எப்போதும் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர், தம்பி இறந்து பதினோராண்டாகிறது என்று வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டு, உள்ளே சென்று காசோலையோடு திரும்பினார். செத்த வீட்டில்கூட நாம் இவ்வளவு பேசுவதில்லை.

இந்தப் பணத்தை ஊரில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்கலாமே, வசதியுள்ள நாட்டின் ஆராய்ச்சிக்கு நம் காசு எதற்கு என்று இங்கே சிலர் கேட்டார்கள். நீரும் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டிருக்கிறீர். உமக்கு என்னால் ஒரு விடை சொல்ல முடியும். ரெறி ஃபொக்ஸிடம், பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டென்றும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே நோய் வந்திருந்தால் பதினைந்துதான் என்றும் வைத்தியர்கள் கூறினார்களாம். அந்த வேறுபாடு ஆராய்ச்சியால் வந்தது என்று அவர் விளங்கிக்கொண்டார். என் மனைவிக்கு வந்த மார்புப் புற்றுநோய் ஹெர்2 என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கென்றே உருவாகி அவளுக்குக் கொடுத்த ட்ராஸ்டுஸுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் 1998இல்தான் அனுமதி பெற்றது. அதற்கு வழிவகுத்த அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் டெனிஸ் ஸ்லேமனின் ஆய்வுக்கு நன்கொடைப் பணமும் கைகொடுத்தது. அந்த மருந்தினால் அவள் பேரனைத் தூக்கி வளர்த்தாள்; அவன் பள்ளிக்கூடம் போவதையும் பார்த்துவிட்டுப் போனாள். உம்முடைய அக்கா தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், கொழும்புக்கு அருகே மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதே ஒரு தவமாக இருந்த நாட்களில் நோயுற்றார். அவருக்கும் இதே வகைதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் இதே வகையாக இருந்திருந்தாலும் கொடுப்பதற்கு அந்த மருந்து அன்று உலகில் எங்கும் விற்பனைக்கு இருக்கவில்லை. ஆகவே, இங்கே போடும் காசு இங்கேயே தங்கிவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை.

அதே வேளையில், மருந்து இருந்தும் அதை ஏற்றுவதற்கு அருகில் ஒரு வைத்தியசாலை இல்லையென்றால் என்ன பயன் என்ற உம்முடைய கேள்வியும் நியாயமானதே. 2011 ஜூலையில் இலங்கையின் தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகப் பணம் திரட்டினார்களே, அந்த 'டிரெயில்' நடைப்பயணத்தின் கடைசிப் பகுதியில் நீரும் அக்காவின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தீர் என்று எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிங்களம் பேசும் இளைஞர்கள் உமக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டியதை அதில் வியந்து எழுதியிருந்தீர். 2016இல் காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காகப் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தபோது, இம்முறை நம் பக்கத்திலிருந்து கொடுக்கிறோம் என்று பெருமையோடு சொன்னவரும் நீர்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், இந்த வேலையில் நீர் எனக்கு மூத்தவர்.

டிசம்பரில் மகளும் பேரனும் நானும் ஊருக்கு வருகிறோம். அவளுடைய திவசத்தை வீட்டிலேயே சுருக்கமாகச் செய்துவிட்டு, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகக்கூடிய செலவைத் தெல்லிப்பழையில் கொடுக்கலாம் என்று மகள் சொல்கிறாள். ஆட்களைக் கூப்பிடாமல் விட்டால் சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் எனக்குத்தான். நீர் ஒருநாள் நேரில் போய், தூர இடங்களிலிருந்து வரும் நோயாளருக்கும் உடன் வருவோருக்கும் என்ன தேவைப்படுகிறது என்று தாதியரிடம் விசாரித்து எழுதும். பணமாகக் கொடுப்பது நல்லதா, பொருளாகக் கொடுப்பது நல்லதா என்பதையும் கேளும். முழங்கால் நோவுக்கு உம்முடைய வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் ஒரு போத்தல் எனக்காக எடுத்து வைக்கச் சொல்லும். அடுத்த ஆண்டு பத்து கிலோமீற்றர் என்று பேரன் இப்போதே பெயர் கொடுக்கச் சொல்கிறான்.

அன்புடன்,
உம்முடைய பழைய வகுப்புத் தோழன்