சுப்பண்ணன் பெயர் மனுவில் இல்லை

கோத்தகிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபப்படாதே. நீ கோபப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், ஸ்டெல்லா டீச்சருக்கும் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்த வருஷம் உறைபனி தேயிலையைக் கருக்கிவிட்டது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கம் வீணாகும், விட்டுவிடுகிறேன். கடையில் தையல் வேலைக்குக் குறைவில்லை. என் முழங்கால் வலியும் அப்படியே இருக்கிறது.

விபத்தில் போன தம்பி மனைவி ராணியின் கேஸில் தீர்ப்பு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ துக்கத்துக்கு வந்தபோது தம்பி பேசும் நிலையில் இல்லை. அதனால் உனக்குப் பாதிதான் தெரியும். ஊட்டியில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். நம் வக்கீல் நல்ல மனுஷன். ஆனால் முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வியே, "ராணியம்மாவுக்கு வருமானம் எவ்வளவு?" என்பதுதான். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டிலதாங்க இருந்தா" என்றான். கொழுந்து பறிக்கப் போன காலத்துச் சம்பளச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அது எங்கே இருக்கும்? அம்மா பக்கவாதத்தில் படுத்த வருஷமே ராணி எஸ்டேட் வேலையை விட்டுவிட்டாள். அதன்பிறகு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, மனவளர்ச்சி குன்றிய எங்கள் அண்ணன் சுப்பண்ணனைப் பார்த்துக்கொண்டது எதற்கும் சீட்டு இல்லை.

இன்சூரன்ஸ் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது. வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, ஆகவே குறைந்த தொகை போதும் என்று வாதம். அப்போதுதான் நம் வக்கீல் பழைய தீர்ப்புகளை எடுத்துவைத்தார். வீட்டுக்கு வந்தும் அவரைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். நீ பேங்கில் இருந்தவள், உனக்குக் கணக்கு பிடிக்கும், கேள்.

2001-ல் ஒரு தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் குடும்பப் பெண்களின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் அட்டவணையிலோ, சம்பாதிக்காத மனைவி என்றால் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தது. 2010-ல் இன்னொரு வழக்கில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பிரிவில் சேர்த்திருப்பதை நீதிபதி கங்குலி கண்டித்து எழுதினார். 2021 ஜனவரியில் நீதிபதி ரமணா ஒரு தீர்ப்பில், 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் காட்டினார். வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிஷம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்ததே என்று பார்த்தால், ஆண்களுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது! உன் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டு.

இந்தத் தீர்ப்புகளை எல்லாம் வைத்துத்தான் ராணிக்கு மாதம் 9,000 ரூபாய் என்று முடிவானது. அவளுக்கு வயது 49. அந்த வயதுக்கு எதிர்கால உயர்வு என்று 25 சதவீதம் கூட்டினார்கள், 11,250. பிறகு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள். ஏன் தெரியுமா? உயிரோடு இருந்திருந்தால் அவள் தனக்கென்று சாப்பிட்டு உடுத்தியிருப்பாள் அல்லவா, அந்தச் செலவாம். மிச்சம் 7,500. வருஷத்துக்கு 90,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 13. மொத்தம் 11,70,000. இது போக, அன்பையும் துணையையும் இழந்ததற்கு 40,000 என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட்டலாம்.

நான் இதைக் குறை சொல்லவில்லை செல்வி. அந்த நீதிபதிகளுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கள் அம்மா காலத்தில் இப்படி ஒரு பெண் செத்திருந்தால் யாரும் காகிதத்தையே எடுத்திருக்க மாட்டார்கள். வேலைக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தாவது அவள் செய்ததை எழுதி வைத்தார்களே. அந்தப் பணத்தில்தான் தம்பி மகன் காலேஜ் முடிக்கப் போகிறான்.

ஆனால் அந்த மனுவில் பெயர்களை எழுதியபோது நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கணவன், மகள், மகன் என்று எழுதினார். "சுப்பண்ணன் பெயர்?" என்று கேட்டேன். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கணவருடைய அண்ணன் இதில் வரமாட்டாரும்மா" என்றார். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் ராணி போனதில் அதிகம் இழந்தது யார் என்று அந்த எஸ்டேட் லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராணி அவரை வாசல் வெயிலில் முக்காலி போட்டு உட்கார வைத்து முகம் மழித்துவிடுவாள், நீயே பார்த்திருக்கிறாய். கன்னத்தை உள்ளே இருந்து நாக்கால் தள்ளச் சொல்வாள், அவர் ஒழுங்காகத் தள்ளுவார். முடிந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "யாரு இது மாப்பிள்ளை?" என்பாள். அவர் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சிரிப்பார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரில் முதல்முறை வந்தபோது, அந்தப் பணத்தில் அவருக்குத்தான் ஸ்வெட்டர் வாங்கினாள். இப்போது அவர் யாரையும் முகத்தில் கை வைக்க விடுவதில்லை. தாடி நெஞ்சுவரை வந்துவிட்டது.

திருப்பூர் பெரியப்பா மகன் கருமாதி அன்றைக்கே ஆரம்பித்தான். ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாம், தண்டச்சோறு எத்தனை நாளைக்கு என்று. பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான் செல்வி. நான் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பக்கத்து வீட்டு முருகேசு, சுப்பண்ணனுக்காகப் பரிந்துதான் பேசினான். "என்னங்க அப்படிச் சொல்றீங்க, சாயங்கால பஸ்ஸுக்குப் போய் எல்லாருக்கும் பை தூக்கிட்டு வருவாரே, மாசம் அரசாங்கப் பணம் ரெண்டாயிரம் வேற வருதே" என்றான். நல்ல மனசில்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் பெரியப்பா மகன் சொன்னதைவிட எனக்கு அதிகமாக வலித்தது. முட்டிவலி வந்து அண்ணன் நாளைக்குப் பை தூக்க முடியாமல் போனால்? அந்த ரெண்டாயிரம் நின்றுபோனால்? அப்போது அவருக்குச் சோறு கிடையாதா? ஒரு ஆள் வீட்டில் இருப்பதற்குக் காரணம் காட்ட வேண்டுமா?

ராணி காரணம் கேட்டதே இல்லை. அவளுக்கு அவர் 'பெரிய மாமா', அவ்வளவுதான். அவள் செய்ததை மாதம் 9,000 என்று எழுத முடிந்தது. அவள் அவரை எப்படி வைத்திருந்தாள் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது? வீட்டு வேலையும் வேலைதான், அதற்கும் மதிப்பு உண்டு என்று நாம் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் வேலையே செய்ய முடியாதவர்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்பார்கள். குழந்தையில் படுத்தவர்கள், வயதாகிப் படுத்தவர்கள், எங்கள் அண்ணன்.

எங்கள் அப்பா, இலங்கையிலிருந்து வந்து இறங்கிய மண்டபம் முகாம் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கணக்கும் சொல்வார், உனக்கும் மனப்பாடம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைப் பிரித்துக்கொண்டன. தேயிலை, ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஜனங்கள் மூட்டை எண்ணுவதுபோல எண்ணப்பட்டார்கள். இங்கே மலைக்கு வந்த பிறகும் வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது வேலை செய்கிறவருக்குத்தான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளை ஒருவன் பேர் பதிய வேண்டும். உலக்கை தேயத் தேயக் குத்தியவர்கள் கடைசியில் சட்டிபானையோடு ரோட்டுக்கு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். அதனால்தான் எனக்கு இது வெறும் எங்கள் வீட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். பொன்னாடை போர்த்தி, வெள்ளி விளக்கு கொடுத்து அனுப்பினார்கள், மறுமாதம் பென்ஷன் பாஸ்புக் பதியப் போனால் கவுண்டரில் இருந்த புதுப் பையன் டோக்கன் எடுக்கச் சொன்னான் என்று எழுதியிருந்தாய். "இனி நான் யாருக்கு வேண்டும்?" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனையோ முறை படித்தேன். கடன் வாங்க வந்தவர்கள் எழுந்து நின்ற மேனேஜர் மேடத்தை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த செல்வி, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அட்டைப்பூச்சிக்குப் பயந்து சுப்பண்ணன் தோளில் ஏறிக்கொண்டு லாங்வுட் சோலைப் பக்கம் கத்திக்கொண்டே போனவள். உனக்கு அப்போது என்ன சம்பளம்? உன்னை விட்டுவிட்டா போனோம்? உத்தியோகம் புருஷ லட்சணம் என்று ஆம்பளைகளைத்தான் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். படித்து வேலைக்குப் போன நம்மையும் அது பிடித்துக்கொண்டதில் எனக்கு வருத்தம். காலையில் எழுந்து புடவை கட்டிக்கொண்டு போக இடமில்லை என்று அழுதாயாமே, மாலதி சொன்னாள். அழு, தப்பில்லை. ஆனால் நீ வேண்டாதவள் என்று இன்னொரு முறை எழுதினால் நேரில் வந்து நாலு வார்த்தை கேட்பேன்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அண்ணனுக்குச் சட்டப்படி காப்பாளராக என்னைப் போடச் சொல்லி விண்ணப்பிக்கப் போகிறேன். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கலெக்டர் தலைமையில் ஒரு குழு விசாரித்து நியமிக்கும். தம்பிக்குச் சம்மதம். அவன் பகலெல்லாம் ஃபேக்டரியில் இருக்கிறான், அண்ணன் தனியாக எத்தனை நேரம் இருப்பார்? என் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று. பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான். சாயங்கால பஸ் வரும் சத்தம் அங்கேயும் கேட்கும். இரண்டு நாள் கூட்டி வந்து இருக்க வைத்துப் பார்த்தேன். முதல் நாள் சாப்பிடவில்லை. மறுநாள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாக அடுக்கினார், பிறகு கலைத்தார், மறுபடி அடுக்கினார். எனக்கு அதனால் ஒரு வேலையும் மிச்சமாகவில்லை. கூடவே பாடிக்கொண்டிருந்தார், அதே பாட்டுதான், உனக்குத் தெரியும்.

மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடு. காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. "செல்விப் புள்ள எப்ப வரும்?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உனக்குத் தலை நரைத்துவிட்டது என்று சொன்னேன், நம்ப மறுக்கிறார். அவருக்கு முகம் மழித்துவிட ஒருவேளை உன்னை அனுமதிப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வரும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கி நல்ல கறிவேப்பிலை ஒரு கட்டு வாங்கி வா, இங்கே கிடைப்பதில் வாசமே இல்லை. மாலதியையும் இழுத்து வா.

அன்புடன்
அமுதா