போல்ட்டை கழட்டி ஸ்டட்டு போடச் சொன்னீங்க, எந்த நட்டுன்னு சொன்னீங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல வண்டி பராமரிப்பு கேள்வி-பதில்ல ஒருத்தர், ஸ்டெப்னி மாத்தறதுக்குள்ள உசுரு போகுது, வீல் போல்ட்டுக்குப் பதிலா ஸ்டட்டும் (தலையில்லாத மரைக் கம்பி) நட்டும் போட்டுக்கலாமான்னு கேட்டிருந்தாரு. தாராளமா போட்டுக்கலாம், செட்டாவே கிடைக்குது, அரை நாள் வேலைன்னு ரெண்டே வரியில பதில் சொல்லி முடிச்சுட்டீங்க. தப்பான பதில்னு சொல்ல வரல, பாதி பதில். மீதி பாதிய நான் காசு குடுத்து கத்துக்கிட்டவன், அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், வெட்டறதா இருந்தா எங்க வேணா வெட்டிக்கோங்க, நட்டு பத்தி வர்ற எடத்தை மட்டும் விட்டுருங்க.

மொதல்ல அந்த வாசகர் படற பாடு நெசம்ங்க. அம்பாசடர், மாருதி, டொயோட்டா இதெல்லாம் ஓட்டிப் பழகினவங்களுக்கு இது புரியாது. அதுல ஹப்புல, அதாவது வீலை மாட்டற நடுத்தட்டுல இருந்து ஸ்டட்டு நீட்டிக்கிட்டு நிக்கும், வீலைத் தூக்கி ஆணியில சட்டை மாட்டற மாதிரி மாட்டிட்டு நட்டைத் திருகினா ஆச்சு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ, பென்ஸ் மாதிரி ஜெர்மன் வழி வண்டிங்கள்ல ஹப்புல வெறும் ஓட்டைதான், உள்ள மரை இருக்கும், வீலை நாமதான் முழங்கால்ல முட்டுக்குடுத்து ஓட்டைக்கு ஓட்டை நேரா புடிச்சுக்கிட்டு போல்ட்டை உள்ள விடணும். ஏன் இப்படி செஞ்சான்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க, அதுக்குள்ள நான் போகல.

என்கிட்ட இருக்கறது ஃபோக்ஸ்வேகன் போலோ, 15 இன்ச் வீலு, அஞ்சு போல்ட்டு. ரெண்டு வருசம் முன்ன ஆடி மாசம் பழனி போயிட்டு திரும்பறப்ப உடுமலை தாண்டி பஞ்சர். அந்த ரோட்டுல ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், அம்மியே பறக்கற காத்துல ஜாக்கி மேல நிக்கற காரு என்ன ஆட்டம் ஆடும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. போல்ட்டு தலையில மாட்டியிருக்கற சின்ன பிளாஸ்டிக் மூடி அஞ்சையும் கம்பிக் கொக்கி போட்டு இழுத்து, திருட்டுக்குப் பயந்து போட்டிருக்கற பூட்டு போல்ட்டுக்கு தனி சாவியத் தேடி, கழட்டறது வரைக்கும் எப்படியோ ஆயிடுச்சு. மாட்டறதுதான் முடியல. டயரோட சேத்து 15 கிலோவுக்கு மேல வரும், தூக்கிப் புடிச்சா ஓட்டை தெரியமாட்டேங்குது, ஓட்டையப் பாத்தா வீலு நழுவுது, என் சம்சாரம் செல்லு டார்ச்ச அடிச்சுக்கிட்டு "ஏனுங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, இல்லீங்க அந்தப் பக்கம்"னு சொல்ல, எனக்கு வந்த கோவத்துக்கு வீலை அப்படியே வாய்க்கால்ல உருட்டி விட்டுடலாம் போல இருந்துச்சு. முக்கா மணி நேரம் ஆச்சு. அன்னிக்கே முடிவு பண்ணினதுதான் இந்த ஸ்டட்டு சமாச்சாரம்.

கடை பேரு வேண்டாம். அலாய் வீலு, ஸ்பாய்லரு, கலர் லைட்டுன்னு விக்கற கடை, அவங்களே செட்டு வரவழைச்சாங்க. ஸ்டட்டு 14 எம்எம் தடிமன், மரைக்கு மரை இடைவெளி 1.5 எம்எம், அது என் வண்டிக்கு சரிதான். நட்டு கறுப்பு கலர்ல பளபளன்னு இருந்துச்சு, நானும் வாயப் பொளந்து பாத்துட்டு நின்னேன். பையன் பழைய போல்ட்டைக் கழட்டினான், மரையில இருந்த துரு, கிரீஸ் எதையும் தொடைக்கல, ஸ்டட்டு நுனியில மரை கழலாம புடிக்கற பசை, செவப்பு திரெட் லாக்கரை ரெண்டு சொட்டு விட்டான், கையால திருகினான், வீலைப் போட்டான், ஏர் கன்னை வெச்சு கடகடகடன்னு அடிச்சான். நாலு வீலும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்து காபியும் குடிச்சாச்சு. அந்த லாக்கர் பாட்டில் மேலயே எழுதியிருக்கும், எண்ணெய்ப் பசை இல்லாம சுத்தம் பண்ணிட்டுதான் விடணும், முழுசா இறுக 24 மணி நேரம் ஆகும்னு. இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது.

ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் அவிநாசி ரோட்டுல 80 தாண்டினா ஸ்டீரிங்கு லேசா நடுங்க ஆரம்பிச்சுது. வீல் பேலன்சிங் போயிருக்கும்னு அதைப் பண்ணினேன், நாலு நாள் சும்மா இருந்துச்சு, திரும்பவும் நடுக்கம், கூடவே மெதுவாத் திரும்பறப்ப டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். ஒரு நாள் காலையில சும்மா ஸ்பேனரைப் போட்டுப் பாக்கலாம்னு முன்பக்க இடது வீல்ல போட்டேன், மூணு நட்டு ஸ்பேனரே வேண்டாம்னு விரல்லயே சுத்துச்சுங்க. பக்குனு ஆயிடுச்சு. முந்தின நாள் ராத்திரிதான் குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு சத்தி வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன்.

எங்க கோவை கணபதி பக்கம் சந்துக்கு நாலு லேத்துப் பட்டறை. அதுல ஒரு பெரியவரு, ரிட்டையர் ஆகற வயசு தாண்டியும் பட்டறைக்கு வர்றவரு, அவர்கிட்ட ஒரு ஒரிஜினல் போல்ட்டையும் இந்த நட்டையும் கொண்டுபோய் குடுத்தேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு "ஏங்கண்ணு, இதுல எது உன்ற வண்டிக்கு வந்தது?"ன்னு கேட்டாரு. அப்பத்தான் நானே மொத தடவையா உத்துப் பாத்தேன். போல்ட்டு தலைக்குக் கீழ வீல்ல உக்கார்ற எடம் கோலிகுண்டைப் பாதியா வெட்டின மாதிரி உருண்டையா இருக்கு. நட்டோட அடிப்பக்கம் புனல் மாதிரி நேரா சரிஞ்சு கூம்பா இருக்கு. இப்படி உக்கார்ற எடத்துக்குத்தான் சீட்டுன்னு பேரு. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி வீலுல உருண்டை சீட்டுதான், 13 எம்எம் ஆரம். வெளிக்கடையில கிடைக்கற அலாய்ல நெறைய 60 டிகிரி கூம்பு சீட்டு. பிஎம்டபிள்யூவும் கூம்புதான். கடைக்காரன் எனக்கு மாட்டினது உருண்டைப் பள்ளத்துல கூம்பு நட்டு.

வாயால சொன்னா நம்பமாட்டேன்னு நெனச்சாரோ என்னவோ, ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து நட்டோட சரிவு முழுக்க வெள்ளை பூசினாரு. ஒரு வீலை மாட்டி டார்க் ரெஞ்ச் (இறுக்கற பலத்தை அளந்து காட்டற ஸ்பேனர்) போட்டு 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, திரும்பக் கழட்டிக் காட்டினாரு. வெள்ளை அப்படியே இருக்கு, நடுவுல மட்டும் முடி கனத்துக்கு ஒரே ஒரு வளையம் தேஞ்சிருக்கு. அவ்வளவுதான் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு! அப்புறம் போல்ட்டுக்குப் பூசி அதே மாதிரி பண்ணினாரு, நல்லா அகலமா பட்டையா தேஞ்சு வந்துச்சு. வீல் பக்கம் பாத்தா அலுமினியம் செதில் செதிலா பேந்து கெடக்கு, ரெண்டு வீலு இனி ஆகாதுன்னு சொல்லிட்டாரு.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, காரோட பாரத்தை போல்ட்டோ ஸ்டட்டோ ஆணி மாதிரி தாங்கறதில்லைங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். அது வீலை ஹப்போட அழுத்திப் புடிக்குது, அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் வீலை நிறுத்தி வெக்குது. 14 எம்எம் போல்ட்டை 120க்கு இறுக்கினா கணக்குப்படி ஒண்ணுக்கு சுமார் 4 டன் அழுத்தம் வருது. அந்த 4 டன்னும் முடி கனத்து வளையத்துல எறங்கினா அலுமினியம் நசுங்காம என்ன பண்ணும், ஒரு துளி நசுங்கினாப் போதும், அழுத்தம் போச்சு, நட்டு தானா கழல ஆரம்பிச்சிரும். 120ன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு, ஒரு அடி ஸ்பேனர் நுனியில 40 கிலோ தொங்கவிட்ட மாதிரி. நம்ம பஞ்சர் கடைத் தம்பிங்க ஸ்பேனர் மேல ஏறிக் குதிக்கறது இதைவிட ரொம்ப அதிகம், அதுவும் மரைக்கு எண்ணெய் விட்டுட்டு குதிச்சா போல்ட்டே இழுத்து நீண்டுரும்.

இன்னொண்ணும் அன்னிக்கே மாட்டுச்சு. நட்டு எத்தனை சுத்து உள்ள போகுதுன்னு எண்ணிப் பாருன்னாரு. அஞ்சு சுத்துல நின்னுருச்சு. 14க்கு 1.5 மரைன்னா கொறஞ்சது ஏழரை சுத்து புடிக்கணும், 9, 10 இருந்தா நிம்மதி, அதாவது ஸ்டட்டு எவ்வளவு தடிமனோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் நட்டு புடிச்சிருந்தா நல்லது. என் ஸ்டட்டு நீளம் பத்தல. நீளமா போட்டா சரியாப் போச்சான்னா அதுவும் இல்ல, ஒரு பக்கம் மூடின நட்டா இருந்தா ஸ்டட்டு நுனி உள்ள போய் முட்டிக்கும், ஸ்பேனருக்கு டைட்டாத் தெரியும், வீலு லூசாவே இருக்கும். ஹப்புக்குப் பின்பக்கம் அதிகமா நீட்டினா இன்னும் மோசம், பின்னாடி டிரம் பிரேக் வண்டியில உள்ள ஹேண்ட்பிரேக் சாமானத்துல போய் ஒரசும். கம்பெனி போல்ட்டு உக்கார்ற எடத்துல இருந்து நுனி வரைக்கும் 27 எம்எம்தான், அவன் ஒண்ணும் சும்மா அளவெடுக்கல.

இத்தனைக்கும் நடுவுல ஒரு நட்டைக் கழட்டறப்ப நட்டு வரல, ஸ்டட்டே கூட வந்துருச்சு. செவப்பு லாக்கர் ஒழுங்கா இறுகியிருந்தா 250 டிகிரிக்கு சூடு காட்டினாத்தான் அசையும்பாங்க, இது பொடி மிட்டாய் மாதிரி உதிருது. மரை கழண்டது வண்டிக்கா எனக்கான்னு பெரியவரு என்னப் பாத்து சிரிச்சாரு, சிரிக்கட்டும், சிரிக்கற மாதிரிதான் நான் பண்ணியிருந்தேன்.

இதுக்காக ஸ்டட்டே கூடாதுன்னு நான் சொல்லலைங்க. எங்க அக்கா பையன் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல ஞாயித்துக்கிழமை ஓட்டப் போவான், அதே போலோதான், ஒரே நாள்ல மூணு தடவை நாலு வீலையும் கழட்டி மாட்டறான். அவனுக்கு ஸ்டட்டு போட்டே ஆகணும், ஏன்னா அத்தனை தடவை போல்ட்டை ஏத்தி எறக்கினா ஹப்புல இருக்கற மரை தேஞ்சு போகும், ஹப்பு மாத்தறது பெரிய செலவு, ஸ்டட்டு தேஞ்சா ஒத்த ஸ்டட்டோட போச்சு. எஃப்ஐஏங்கற உலக மோட்டார் ரேஸ் அமைப்போட விதியிலயே, அப்பெண்டிக்ஸ் ஜேங்கறாங்க, போல்ட்டுக்குப் பதிலா ஸ்டட்டு நட்டு மாத்திக்கலாம்னு வெளிப்படையா அனுமதி இருக்கு. ஆனா அவன் உருண்டை சீட்டு நட்டைத் தேடி வாங்கினான், மரையை பிரஷ் போட்டு கழுவி, லாக்கர் விட்டு ஒரு நாள் முழுக்க வண்டியத் தொடாம வெச்சான், மாட்டின பிறகு 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப டார்க் ரெஞ்ச் போட்டான். வேலைன்னா அது வேலை.

ரோட்டுல ஓடற வண்டிக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கு. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவை வெச்சு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. ஸ்டட்டு இதுல வருமா வராதான்னு வக்கீலுங்கதான் சொல்லணும். ஆர்டிஓ குனிஞ்சு நட்டைப் பாக்கப் போறதில்ல, ஆனா வீலு கழண்டு ஒரு ஆக்சிடென்ட்டுன்னா இன்சூரன்ஸ்காரன் குனியாம விடுவானா?

இப்ப என் வண்டியில பழைய போல்ட்டுதான், வீணாப்போன ரெண்டு வீலுக்குப் பதிலா பழசுல ரெண்டு வாங்கிப் போட்டேன். அப்ப ஸ்டெப்னி மாத்தற கஷ்டம்? அதுக்கு அந்தப் பெரியவரு அஞ்சு நிமிசத்துல வழி பண்ணிக் குடுத்தாரு. அதே 14க்கு 1.5 மரையில கொஞ்சம் நீளமான போல்ட்டு ஒண்ணை எடுத்து லேத்துல தலையை அறுத்து, நுனியைக் கூராக்கி, பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவர் நுழையற மாதிரி ஒரு கீத்து போட்டாரு, அவ்வளவுதான். இதை மேல் ஓட்டையில கையால திருகிவிட்டு வீலை அதுல தொங்கவிட்டா மத்த நாலு ஓட்டையும் தானா நேரா வந்து நிக்குது, நாலு போல்ட்டைப் போட்டுட்டு இதைக் கழட்டி அஞ்சாவதைப் போட வேண்டியது. பென்ஸ் வண்டியில இந்த மாதிரி பின்னு டூல் கிட்லயே வருதாம். காசு எவ்வளவுன்னு கேட்டேன், டீ சொல்லுன்னாரு. போன மாசம் பெருந்துறை பக்கம் பஞ்சர், என் பொண்ணு காலேஜு படிக்கறவ, அவளே தனியா மாத்திட்டு, மாத்தி முடிச்ச பிறகுதான் எனக்கு போன் அடிச்சா.

அடுத்த தடவை இந்த மாதிரி கேள்விக்கு பதில் போட்டா, மரை அளவு, சீட்டு உருண்டையா கூம்பா, எத்தனை சுத்து புடிக்கணும், எவ்வளவு டார்க்குன்னு நாலு சங்கதியும் சேத்துப் போடுங்க. ஒரு அங்குல எடம் கூடுதலா ஆகும், பரவாயில்லைங்க, ராசிபலன்ல கொறைச்சுக்கோங்க. கேள்வி கேட்ட அந்த வாசகர் கோவைப் பக்கம்னா கணபதிக்கு வரச்சொல்லுங்க, பெரியவர்கிட்ட நானே கூட்டிக்கிட்டுப் போறேன்.

அந்தக் கறுப்பு நட்டு 20ம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். கூம்பு சீட்டு வீலு வெச்சிருக்கறவங்க யாருக்காவது வேணும்னா சும்மாவே தர்றேன். ஸ்டட்டு மட்டும் கேக்காதீங்க, அதை யார் கேட்டாலும் தரமாட்டேன், நீளம் பத்தாது.

இப்படிக்கு,
ஒரு போலோ ஓனர்,
கணபதி, கோவை.