விலாங்கு மேல் இருக்கும் கொழகொழப்பு

தங்கச்சிமடம்

தம்பிக்கு,

வயிறு இப்போது எப்படி இருக்கிறது? வயிற்றுப்போக்கு வந்தால் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது, நின்றதும் விட்டுவிடுவது. இந்த வருஷம் இது மூன்றாவது தடவை. "கிருமியைக் கொன்றால்தானே சரியாகும்" என்று முப்பது வருஷம் கிராம செவிலியராக இருந்த என்னிடமே கேட்கிறாய். சரி, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நேற்று அப்பா வலையில் ஒரு விலாங்கு கிடந்தது. சின்ன வயதில் கையில் சாம்பல் தடவிக்கொண்டு அதைப் பிடிப்பாயே, நினைவிருக்கிறதா? அந்தக் கொழகொழப்புதான் மீனுக்குச் சட்டை. அது வழிந்து போனால் தோலில் கிருமி இறங்கிவிடும். நம் குடலுக்குள்ளும் அப்படியொரு சளிப்படலம் உண்டு. அதற்கு அடியில் இருக்கும் குடலின் உள்தோல் ஒரே ஒரு செல் கனம்தான். நாலைந்து நாளில் உதிர்ந்து புதிதாகிவிடும். பெருங்குடலில் அந்தச் சளி இரண்டு அடுக்கு. மேலடுக்கு தளர்வானது, அங்கே பாக்டீரியா குடியிருக்கும். தோலை ஒட்டிய அடுக்கு இறுக்கமானது, அதற்குள் பெரும்பாலும் அவை நுழைவதில்லை.

குடியிருப்பதற்கு வாடகையும் தருகின்றன. நம்மால் செரிக்க முடியாத நாரைத் தின்றுவிட்டு பியூட்டிரேட் என்ற அமிலத்தை விடுகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கியத் தீனி. அதை எரிக்க அந்தச் செல்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் குடலுக்குள் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. நமக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கு அதுதான் சௌகரியம். நீ கண்டபடி மாத்திரை போட்டால் பியூட்டிரேட் தருபவையும் சேர்ந்து சாகும். தீனியில்லாத செல் ஆக்சிஜனை இழுக்காது, அது உள்ளே கசியும். சால்மொனெல்லா மாதிரி வம்புக்காரக் கிருமிகளுக்கு அப்புறம் கொண்டாட்டம்தான். எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. தினமும் ராத்திரி பரோட்டா என்கிறாய். நார் கிடைக்காவிட்டால் சில பாக்டீரியா அந்தச் சளியையே தின்ன ஆரம்பித்துவிடும். நாரில்லாத தீனி கொடுத்த எலிகளுக்குப் படலம் மெலிந்து போனதை 2016-ல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். பசித்தவன் கூரையைப் பிய்த்துத் தின்கிற கதைதான். கோபம் அவற்றின் மேல் எனக்கு வரவில்லை, உன் மேல்தான் வருகிறது.

மறுபடி போக ஆரம்பித்தால் முதலில் ஓஆர்எஸ் கரைத்துக் குடி. காய்ச்சல் வந்தாலோ ரத்தம் போனாலோ உடனே டாக்டரிடம் போ. அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் ஆன்டிபயாடிக் போடு, அதையும் சொன்ன நாள் வரைக்கும் போடு.

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து இடித்து, மாவாக அனுப்பியிருக்கிறேன். எல்லாம் நாரும் மாவும்தான். தேங்காய்ப்பூ போட்டுப் புட்டாக அவித்துச் சாப்பிடு. முதலில் கொஞ்சமாகச் சாப்பிடு, ஒரேயடியாகத் தின்றால் வயிறு ஊதிக்கொள்ளும்.

அப்பா நெத்திலிக் கருவாடும் வைக்கச் சொன்னார். வயிறு சரியாகட்டும் என்று எடுத்து வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லிவிடாதே.

அம்மா