யப்பானிய இனிப்புகளும் ஜெலற்றினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழின் சமையற் பக்கத்தில் அண்மையில் வெளியான யப்பானிய இனிப்புகள் பற்றிய கட்டுரையில், யோகான் என்னும் பயற்றுக் களியின் செய்முறை ‘பால், முட்டை எதுவும் இல்லாத வீகன் பலகாரம்’, அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்ற குறிப்புடன் தரப்பட்டிருந்தது. ஆனால் அதை இறுகச் செய்வதற்கு ஜெலற்றின் சேர்க்குமாறும் அதே குறிப்பு கூறுகிறது. ஜெலற்றின் மாடு, பன்றி முதலியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதாகும். மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகளும் ஹலால் பார்த்து வாங்கும் வீடுகளும் அயலயலாக உள்ள திருகோணமலையில் இதனைச் சிறிய கவனக்குறைவு என்று விட்டுவிட முடியவில்லை.

யப்பானில் யோகானை இறுகச் செய்வது கடற்பாசி (அகர் அகர்) என்னும் கடற்றாவரப் பொருளே. சீனாவில் ஆட்டிறைச்சிச் சாறாக இருந்த இந்த உணவை, ஊன் உண்ணாத சென் பௌத்தத் துறவிகள் பயற்றைக் கொண்டு மாற்றிச் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோவை அடுத்த புசிமியில் கடற்பாசியை உறையவைத்து உலர்த்தும் முறை கண்டறியப்பட்ட பின்னரே இன்றைய யோகான் உருவானது. நோன்பு காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் காய்ச்சப்படும் கடற்பாசியும் இதே வகைப் பொருள்தான். அரை லீற்றர் தண்ணீருக்கு 4 கிராம் கடற்பாசித் தூள் போதும். அது முழுமையாகக் கரையும்வரை இரண்டு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, அதன் பின்னரே சீனியையும் அவித்து மசித்த பயற்றையும் சேர்க்க வேண்டும். ஜெலற்றின் ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில் இளகிவிடும். ஒருமுறை இறுகிய கடற்பாசியோ 85 பாகையை நெருங்கும்வரை இளகாது. வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்மூர் மேசையில் எது நிற்கும் என்பதைச் சமைப்பவர்கள் அறிவார்கள்.

பாதாம் பாலும் தகரத்தில் அடைத்த சிவப்புப் பயறும் வாங்கச் சொல்லும் அக்கட்டுரையின் ஆலோசனையும் தேவையற்றது. 1868இல் மெய்சி ஆட்சி தொடங்கிய பின்னரே பாலும் வெண்ணெயும் யப்பானியச் சமையலில் பரவலாகின; அதற்கு முந்திய பெரும்பாலான இனிப்புகள் அரிசி, பயறு, சீனி ஆகியவற்றாலேயே ஆனவை. அவர்களுடைய அசுக்கி என்னும் சிவப்புப் பயறு, நமது பாசிப்பயறு, உளுந்து, கௌபி ஆகியவற்றோடு ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது. தோக்கியோப் பகுதியில் விசேட நாட்களில் சமைக்கும் செஞ்சோற்றுக்கு, அசுக்கியின் தோல் வெடிப்பதால் அதை விடுத்துக் கௌபி வகையொன்றையே இடுகிறார்கள். ஆகவே சிவப்புக் கௌபியில் இனிப்புப் பூரணம் செய்வதைப் போலி என்று எவரும் சொல்ல இயலாது. ஊறவைத்த கௌபியைக் கொதிக்கவிட்டு, முதல் தண்ணீரை வடித்து ஊற்றினால் துவர்ப்பு நீங்கும். விரல்களுக்கிடையில் நசியும்வரை அவிந்த பிறகே சீனி சேர்க்க வேண்டும், முந்திச் சேர்த்தால் பயறு இறுகிவிடும்.

மோச்சி என்னும் இழுபடும் அரிசிப் பலகாரத்துக்கு மட்டும் ஒட்டும் தன்மையுள்ள அரிசியின் மா அவசியம். அந்த அரிசியின் மாப்பொருள் ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்ரின் என்னும் ஒட்டும் வகை என்பதால்தான் அது இழுபடுகிறது. நம் பச்சையரிசி மாவில் அதே முறையில் செய்தால் கிடைப்பது கொழுக்கட்டை. அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் அது மோச்சி ஆகாது. குச்சியில் கோக்கும் தங்கோ உருண்டைகளுக்கு யப்பானியரே சாதாரண அரிசி மாவைப் பயன்படுத்துகிறார்கள். நமது அரிசி விரைவில் விறைப்பதால் அதனுடன் ஒட்டரிசி மாவையும் கலந்து, தண்ணீருக்குப் பதில் மென்மையான டோஃபு சேர்த்துக் குழைத்தால் உருண்டைகள் நெடுநேரம் மென்மையாக இருக்கும். மேலே தூவ வறுத்த சோயா மாவும் ஊற்றக் கித்துள் பாணியும் போதும்.

தொரயாக்கி என்னும் அப்பத்தில் முட்டையும் தேனும் உண்டு. தேங்காய்ப்பால், அப்பச்சோடா, சிறிது தேசிக்காய்ச் சாறு, தேனுக்குப் பதில் கித்துள் பாணி என்று மாற்றிச் செய்யலாம். பொங்குதல் சற்றுக் குறையும், சுவை குறையாது. போர்த்துக்கேயர் வழி வந்த கஸ்தெரா என்னும் கேக்கோ முட்டை நுரையாலேயே எழுவது. அதை வீகனாக்க முயல்வதைவிட விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கட்டுரை சொல்லாமல் விட்ட எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஒட்டும் மோச்சி தொண்டையில் அடைத்து முதியோர் இறப்பது யப்பானில் புத்தாண்டுதோறும் நிகழ்வதால், தோக்கியோ தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் மக்களை எச்சரிக்கிறது. முதியோருக்கும் சிறுவருக்கும் சிறு துண்டுகளாக வெட்டியே கொடுக்க வேண்டும்.

அடுத்த இதழில் அந்தச் செய்முறையின் ஜெலற்றினைக் கடற்பாசி எனத் திருத்தி வெளியிடுமாறும், இனிவரும் சமையற் குறிப்புகளில் விலங்குப் பொருள் ஏதும் இருந்தால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.