மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நூலகம், கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல நினைப்பது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு எச்.ஐ.வி. பற்றிப் பேசியதைத்தான்.

பேசுவதற்கு முன்னால், தெரிந்ததைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொன்னோம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று வரும் என்று அநேகமாக எல்லோரும் எழுதியிருந்தார்கள். அதைத் தடுக்கலாம் என்பதுதான் தெரியவில்லை. "அப்படிப்பட்டவங்க குழந்தையே பெத்துக்கக் கூடாது" என்று பல சீட்டுகளில் இருந்ததைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. இந்தியாவில் இந்தத் தொற்றை முதன்முதலில் 1986-இல் நம் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள், இத்தனை வருடம் கழித்தும் பிள்ளைகளுக்குப் பயம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, மருந்து இருக்கிற செய்தி போய்ச் சேரவில்லை.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலிருந்து வந்த ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று வரலாம். கிருமியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தைத் தாய் விடாமல் சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். மருந்து சாப்பிடும் தாய் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம், கூடவே மாட்டுப்பாலும் கொடுப்பதுதான் ஆபத்து என்றார். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைக்கிற நம் வழக்கத்தையும் இங்கே யோசிக்க வேண்டும்.

ஒரு தவறு செய்தோம். முதல் கூட்டத்தை மாணவிகளுக்கு மட்டும் வைத்துவிட்டோம். அடுத்த கூட்டத்தில் ஒரு பையன், "கர்ப்பமானதும் டெஸ்ட்ல இல்லைன்னு வந்துட்டா அப்புறம் வராதா சார்?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வரும். கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும்போதோ தாய்க்குப் புதிதாகத் தொற்றினால், அந்த நேரத்தில் உடம்பில் கிருமி மிக அதிகமாக இருப்பதால் குழந்தைக்கு ஆபத்து கூடும். அப்படியென்றால் கணவனும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், இது ஆண் பிள்ளைகளின் விஷயமும்தான்.

ஒரு பள்ளியில் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று அனுமதி தரவில்லை. அதனால் வருகிற ஆண்டு முதலில் பெற்றோர் கூட்டம் வைக்கலாம் என்பது என் யோசனை. 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணை அட்டையில் அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் செயற்குழு சம்மதித்துவிட்டது. மாணவிகளோடு கூச்சமில்லாமல் பேச இரண்டு பெண் உறுப்பினர்கள் வேண்டும், வர முடிந்தவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்